நம்பர் ஒன் ரிசீவர் போய்விட்டால் அணி என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இன் மூன்று அணிகள் தங்கள் முதல் ரிசீவரை, அதாவது எறியும் பந்தை அதிகம் பிடிப்பவரை, வேறு அணிக்கு அனுப்பின. கிரீன் பே பேக்கர்ஸ் டவான்டே ஆடம்ஸை விட்டது, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் டைரீக் ஹில்லை விட்டது, டென்னசி டைட்டன்ஸ் ஏ.ஜே. பிரவுனை விட்டது. மூன்றுமே முந்தைய சீசனில் லீகில் தங்கள் பிரிவில் (டிவிஷன்) முதலிடம் பிடித்த அணிகள். அடுத்த சீசன் முடிந்தபோது ஒன்று கோப்பையோடு நின்றது, மற்ற இரண்டும் ப்ளேஆஃப் பக்கமே வரவில்லை. அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது பெரும்பாலும் அந்த மூன்று அணிகளையே சுற்றி வருவேன்.

பந்து பிடிப்பவர்கள் என்றால் யார் யார்?

களத்தில் இறங்கும் 11 பேரில் குவார்டர்பேக் எறிவார். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து பெரிய ஆட்கள், நடுவரிடம் தனியாக அறிவித்தால் தவிர, பாஸைப் பிடிக்கக் கூடாது. மீதி ஐந்து பேர் பிடிக்கலாம். ஓரத்தில் நின்று ஓடும் வைட் ரிசீவர்கள், தடுப்பதும் பிடிப்பதுமாக இரண்டு வேலை பார்க்கும் டைட் எண்ட், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே முதல் வேலையான ரன்னிங் பேக், எல்லாரும் இதில் அடக்கம். ஒரு அணி ‘ரிசீவரை இழந்தது’ என்றதும் எல்லாரும் வைட் ரிசீவர்களின் பட்டியலை மட்டும் பார்க்கிறார்கள். விடை பல நேரம் டைட் எண்டிடமோ ரன்னிங் பேக்கிடமோ இருக்கும்.

ஒரே ஒரு ஆள் போனதற்கா இவ்வளவு கவலை?

அது அந்த ஆள் எவ்வளவு சுமந்தார் என்பதைப் பொறுத்தது. 2021 சீசனில் பேக்கர்ஸ் குவார்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் மொத்தம் 366 பாஸ்களை வெற்றிகரமாக முடித்தார். அதே சீசனில் ஆடம்ஸ் பிடித்தவை 123. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அந்த அணியில் அதிகம் பிடித்தவர்களில் ஆடம்ஸுக்கு அடுத்து இருந்தவர் ரிசீவரே இல்லை, ரன்னிங் பேக் ஆரன் ஜோன்ஸ். அவர் பிடித்தது 52.

சீஃப்ஸில் அதே ஆண்டு ஹில் 111 பிடித்தார், டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி 92 பிடித்தார். இந்த இரண்டு வரிகளை வைத்துக்கொண்டே 2022 எப்படிப் போகும் என்று பாதி சொல்லியிருக்கலாம். போகிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அவருக்கு அடுத்த பெயர் யாருடையது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

நல்ல ஆளை ஏன்தான் விடுகிறார்கள்?

பணம்தான், ஆனால் முதலாளி கஞ்சத்தனம் செய்கிறார் என்ற அர்த்தத்தில் இல்லை. என்.எஃப்.எல்-இல் ஒவ்வொரு அணியும் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் வைத்த உச்சவரம்பு இருக்கிறது. அதுதான் சாலரி கேப். 2022-இல் அது 208.2 மில்லியன் டாலர். அந்தத் தொகைக்குள் 53 பேர் கொண்ட அணியை நடத்தியாக வேண்டும். குவார்டர்பேக்குக்கு ஏற்கெனவே பெரிய ஒப்பந்தம் கொடுத்துவிட்டால் மீதிப் பேருக்கு இடம் சுருங்கும். சீஃப்ஸ் தன் குவார்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 2020-இலேயே 10 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ரிசீவர்களின் விலை ஏறியது. 2022 மார்ச்சில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கிறிஸ்டியன் கர்க்குக்கு நான்கு ஆண்டுக்கு 72 மில்லியன் கொடுத்தபோது, ‘கர்க்குக்கே இவ்வளவு என்றால் எனக்கு?’ என்று மற்ற ரிசீவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதான். ஹில்லுக்கு மயாமி டால்ஃபின்ஸ் நான்கு ஆண்டுக்கு 120 மில்லியன் எழுதிக் கொடுத்தது. பிரவுனுக்கு பிலடெல்பியா ஈகிள்ஸ் நான்கு ஆண்டுக்கு 100 மில்லியன்.

ஆடம்ஸ் கதை கொஞ்சம் வேறு. அவருக்குப் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியில் தனக்குப் பந்து எறிந்த டெரெக் கார் அப்போது லாஸ் வேகாஸ் ரைடர்ஸில் இருந்தார். அவரோடு சேர்ந்து ஆட ஆசைப்பட்டார், போனார்.

ஆள் போய்விட்டால் சம்பளம் மிச்சம்தானே?

உடனே மிச்சம் ஆகாது. கையெழுத்துப் போடும்போது தரும் போனஸை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கு எழுதுவார்கள். ஆளை நடுவில் அனுப்பினால் இன்னும் எழுதாத பாக்கி முழுக்க மொத்தமாக வந்து கணக்கில் விழும். டெட் மனி என்பது இதுதான். பஃபலோ பில்ஸ் 2024 ஏப்ரலில் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு அனுப்பியபோது, அந்த ஆண்டு அவர் ஒரு பந்துகூடப் பிடிக்காமலேயே பஃபலோவின் கணக்கில் 31 மில்லியன் டாலரை அடைத்துக்கொண்டிருந்தார்.

சீஃப்ஸ் எப்படிச் சமாளித்தது?

முதல் காரணம், இன்னொரு ஹில்லைத் தேடவில்லை. அந்த வேகம் கடையில் கிடைக்காது என்று அவர்களுக்கே தெரியும். ஹில்லுக்குப் பதிலாக மயாமியிடமிருந்து ஐந்து டிராஃப்ட் தேர்வுகள் வாங்கினார்கள், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும்போது ஐந்து பேரை எடுக்கும் உரிமை. ரிசீவர் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். நடுப்பகுதியில் அடி வாங்கிக்கொண்டு பிடிக்க ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர், ஓராண்டு ஒப்பந்தத்தில். நேராக ஓடித் தடுப்பாட்டக்காரர்களைப் பின்னுக்கு இழுக்க மார்க்வெஸ் வால்டெஸ்-ஸ்காண்ட்லிங். இவர் ஆடம்ஸோடு பேக்கர்ஸில் ஆடியவர், பேக்கர்ஸுக்கு அதே மாதத்தில் இரண்டாவது அடி. டிராஃப்டில் ஸ்கை மூர். அக்டோபரில் நியூயார்க் ஜயண்ட்ஸிடமிருந்து கடேரியஸ் டோனி.

இவர்களில் யாரும் ஹில் ஆகவில்லை. ஜூஜூ 78 பிடித்து 933 யார்டு (பிடித்துக் கடந்த தூரம்), வால்டெஸ்-ஸ்காண்ட்லிங் 42 பிடித்து 687 யார்டு. ஸ்கை மூர் சீசன் முழுக்க 22 பிடித்தார், ஒரு டச் டவுன்கூட (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) இல்லை. ஆனால் கெல்சி 92-இலிருந்து 110-க்கு ஏறினார், 1,338 யார்டு, 12 டச் டவுன். யாரும் எதிர்பாராத இன்னொருவர் ரன்னிங் பேக் ஜெரிக் மெக்கின்னன். பாஸ் பிடித்தே 9 டச் டவுன் போட்டார், பெரும்பாலும் டிசம்பருக்கு மேல். ஹில் தன் கடைசி ஆண்டில் சீஃப்ஸுக்குப் பிடித்த டச் டவுனும் 9-தான்!

ஹில் இருந்த 2021-இல் சீஃப்ஸ் எடுத்தது 480 புள்ளி. ஹில் இல்லாத 2022-இல் 496 புள்ளி, லீகிலேயே அதிகம். மஹோம்ஸ் 5,250 யார்டு எறிந்து சீசனின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினார்.

இரண்டாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹில்லுக்குக் கிடைத்த தேர்வுகளையும் மிச்சமான இடத்தையும் தடுப்பாட்டத்துக்கும் திருப்பினார்கள். மயாமியின் முதல் சுற்றுத் தேர்வையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்துக் கொடுத்து 21-ஆம் இடத்துக்கு ஏறி கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள். அவர் 2023-இல் லீகின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம் பிடித்தார். ஒரு ரிசீவரின் இடத்தை எதிரணி ரிசீவரை அடக்கும் ஆளைக் கொண்டும் நிரப்பலாம். புள்ளிப் பலகைக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சீஃப்ஸின் புது ஆட்கள் என்ன செய்தார்கள்?

2023 பிப்ரவரி 12, அரிசோனாவின் கிளெண்டேல். எதிரணி பிலடெல்பியா ஈகிள்ஸ். கடைசி கால்பகுதி தொடங்கும்போது சீஃப்ஸ் பின்தங்கியிருந்தது. ஈகிள்ஸ் கோட்டிலிருந்து ஐந்து யார்டு. டோனி வலது பக்க ஓரத்திலிருந்து உள்நோக்கி, மறுபக்கம் போகப்போகிறவர் மாதிரி ஓட ஆரம்பித்தார். அவரைக் கவனிக்க வேண்டியவர்கள் ‘இனி அவன் உன் ஆள்’ என்று கைமாற்றிக்கொண்டிருந்த அந்த நொடியில் பந்து கிளம்பியது, டோனி சட்டென்று திரும்பி வந்த வழியே ஓரத்துக்கு ஓடினார். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. மஹோம்ஸ் மெதுவாக எறிய, டோனி நடந்தே உள்ளே போயிருக்கலாம். 28-27.

கொஞ்ச நேரத்தில் அதே டோனி ஈகிள்ஸின் பன்ட்டை, அதாவது உதைத்து அனுப்பிய பந்தை, வாங்கி 65 யார்டு ஓடினார். சூப்பர் பவுல் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் பன்ட்டைத் திருப்பியதில்லை. அதைத் தொடர்ந்து அதே தந்திரம், இந்த முறை இடது பக்கம், இந்த முறை ஸ்கை மூர். மறுபடியும் பக்கத்தில் யாருமே இல்லை. சீசன் முழுக்க டச் டவுன் போடாத மூருக்கு என்.எஃப்.எல்-இல் முதல் டச் டவுன் அதுதான். ஆட்டம் 38-35 என்று முடிந்தது.

இதில் டோனியின் திறமையும் மூரின் திறமையும் எவ்வளவு, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடின் மூளை எவ்வளவு என்று கேட்டால், முக்கால்வாசி ரீடுக்குத்தான் கொடுப்பேன். ரிசீவரைத் தனியாக நிற்கவைக்கும் வேலையை ஆட்டத் திட்டமே செய்துவிட்டால், பிடிப்பதற்கு ஹில் தேவையில்லை.

பேக்கர்ஸுக்கு என்ன ஆனது? அங்கே ராட்ஜர்ஸ் இருந்தாரே?

இருந்தார். அதுவும் தொடர்ந்து இரண்டு ஆண்டு எம்.வி.பி. வாங்கிய கையோடு இருந்தார். ஆனால் அவர் நம்பி எறிய ஒரு கெல்சி இல்லை.

ஆடம்ஸுக்கு ஈடாக ரைடர்ஸிடம் வாங்கிய 22-ஆம் தேர்வில் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் குவே வாக்கரை எடுத்தார்கள். பிறகு இரண்டாம் சுற்றில் மேலே ஏறி, 34-ஆம் இடத்தில் நார்த் டகோட்டா ஸ்டேட்டின் ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சன், நான்காம் சுற்றில் இன்னொரு ரிசீவர் ரோமியோ டவுப்ஸ். அனுபவத்துக்கு சாமி வாட்கின்ஸ். அவரை சீசன் முடியும் முன்பே விட்டுவிட்டார்கள்.

2022 செப்டம்பர் 11, மினியாபொலிஸில் முதல் ஆட்டம். பேக்கர்ஸ் கைக்குப் பந்து வந்த முதல் நகர்விலேயே வாட்சன் எதிரணியின் அனுபவசாலியான தடுப்பாட்டக்காரர் பேட்ரிக் பீட்டர்சனைத் தாண்டிப் போய்விட்டார். ராட்ஜர்ஸ் எறிந்தது அச்சு பிசகாமல் கைக்கு வந்து விழுந்தது. முன்னால் யாரும் இல்லை, 75 யார்டு டச் டவுன் ஆகியிருக்க வேண்டியது. கையில் பட்டுக் கீழே விழுந்தது. அந்த ஆட்டம் 23-7 என்று தோற்றது. மறுபக்கம் மினசோட்டா வைக்கிங்ஸின் ஜஸ்டின் ஜெஃபர்சன் 184 யார்டு எடுத்தார். அவரும் ஒரு பெரிய ரிசீவர் போன இடத்துக்கு வந்தவர்தான், கீழே வருகிறேன்.

நவம்பரில் டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக அதே வாட்சன் மூன்று டச் டவுன் பிடித்தார். திறமையில் குறை இல்லை என்று அன்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் அதற்குள் சீசனில் பாதி ஓடிவிட்டது. ராட்ஜர்ஸின் டச் டவுன் பாஸ்கள் 37-இலிருந்து 26-ஆகக் குறைந்தன. ஜெயித்தால் ப்ளேஆஃப் என்ற கடைசி ஆட்டத்தில் டெட்ராய்ட் லயன்ஸிடம் 20-16 என்று தோற்று, 8 வெற்றி 9 தோல்வி (8-9) என்று முடித்தார்கள்.

அப்படியானால் பேக்கர்ஸ் செய்தது தப்பா?

ஒரு வருடக் கணக்கில் தப்பு, இரண்டு வருடக் கணக்கில் இல்லை. 2023-இல் ராட்ஜர்ஸும் போய், குவார்டர்பேக்காக ஜோர்டன் லவ் வந்தார். டிராஃப்டில் ரிசீவர் ஜெய்டன் ரீட், டைட் எண்டுகள் லூக் மஸ்கிரேவ், டக்கர் கிராஃப்ட் என்று இன்னும் ஒரு கூட்டத்தை எடுத்தார்கள். வைட் ரிசீவர்களிலும் டைட் எண்டுகளிலும் முக்கியமான எல்லாருமே முதல் வருடம் அல்லது இரண்டாம் வருடம். பார்ப்பவர்களுக்கு விளையாட்டுப் பள்ளி மாதிரி இருந்தது. ரீட் 64 பிடித்து அணியிலேயே முதலாவதாக வந்தார். ப்ளேஆஃபில் டல்லஸுக்குப் போய் கவ்பாய்ஸை 48-32 என்று அடித்தார்கள், அதில் டவுப்ஸ் மட்டும் 151 யார்டு.

பேக்கர்ஸ் விஷயத்தில் என் மனத்தாங்கல் வேறு. ராட்ஜர்ஸுக்குப் புதிதாகப் பெரிய தொகை கொடுத்து ‘இந்த வருடமே ஜெயிப்போம்’ என்ற மாதிரி காட்டிவிட்டு, அவருக்குப் பந்து பிடிக்க இரண்டு வருடம் கழித்துப் பழுக்கும் ஆட்களைக் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்திருக்க வேண்டும்.

டைட்டன்ஸ்?

இதுதான் மூன்றிலும் மோசம். 2022 ஏப்ரல் 28, டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும் இரவிலேயே பிரவுனை ஈகிள்ஸுக்குக் கொடுத்து 18-ஆம் தேர்வையும் மூன்றாம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் வாங்கினார்கள். அந்த 18-இலேயே ஆர்கன்ஸாவின் டிரெய்லன் பர்க்ஸை எடுத்தார்கள். பெரிய உடம்பு, பிடித்த பிறகு முட்டிக்கொண்டு ஓடும் பாணி. பிரவுன் மாதிரியே இருக்கும் ஆளை, பிரவுன் கேட்ட விலையில் ஒரு சின்ன பங்குக்கு. காகிதத்தில் அழகான கணக்கு.

பிரச்சினை என்னவென்றால், இன்னொரு ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸையும் அதே மார்ச்சில் விட்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிலிருந்து வாங்கிய ராபர்ட் வுட்ஸ் முழங்கால் அறுவை சிகிச்சை முடித்து வந்தவர். அதாவது ‘அடுத்த பெயர்’ என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. முதல் வருடப் பையன் தலையில் மொத்தச் சுமையும்.

டிசம்பர் 4 அன்று டைட்டன்ஸ் பிலடெல்பியாவுக்குப் போனது. பர்க்ஸ் ஒரு டச் டவுன் பிடித்தார், பிடித்த நொடியில் தலையில் அடி வாங்கி ஆட்டத்தை விட்டே வெளியேறினார். அன்று டைட்டன்ஸுக்குக் கிடைத்த ஒரே டச் டவுன் அது. பிரவுன் இரண்டு போட்டார். 35-10. இரண்டு நாள் கழித்து டைட்டன்ஸ் தன் பொது மேலாளர் ஜான் ராபின்சனை நீக்கியது. அந்த ஒரு ஆட்டம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேரம் அப்படி அமைந்தது. பர்க்ஸ் முதல் சீசனில் 444 யார்டு எடுத்தார். பிரவுன் ஈகிள்ஸுக்கு 1,496.

டிராஃப்டில் போனவருக்கு ஈடான ஆளே கிடைத்ததில்லையா?

கிடைத்திருக்கிறது. 2020-இல் வைக்கிங்ஸ் டிக்ஸைப் பஃபலோவுக்கு அனுப்பி, கிடைத்த 22-ஆம் தேர்வில் எடுத்த ஆள்தான் ஜெஃபர்சன். முதல் சீசனிலேயே 88 பிடித்து 1,400 யார்டு. டிக்ஸும் பஃபலோவில் 127 பிடித்து 1,535 யார்டு, இரண்டிலும் லீகில் முதலிடம். இரு தரப்பும் சிரித்துக்கொண்டே போன பேரம் இந்த மாதிரி அபூர்வம்.

இதைக் காட்டித்தான் ‘அவர்கள் செய்தார்களே, நாமும் செய்வோம்’ என்று பல அணிகள் இறங்குகின்றன. ஆனால் அந்த டிராஃப்டில் ஜெஃபர்சனுக்கு முன்னால் நான்கு ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். அவருக்கு நேர் முந்தைய 21-ஆம் இடத்தில் ஈகிள்ஸ் எடுத்தது ஜேலன் ரேகரை. ஜெஃபர்சனை விட்டுவிட்டு! ஈகிள்ஸ் அதைவிட இன்னொரு படி ஏறி யோசித்திருந்தால் வைக்கிங்ஸின் புத்திசாலித்தனம் பற்றி இன்று யாரும் பேச மாட்டார்கள். வைக்கிங்ஸில் ஏற்கெனவே ஆடம் தீலன் என்ற நல்ல ரிசீவர் இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பர்க்ஸுக்கு அந்த வசதி இல்லை.

ஒருவர் இடத்தில் பத்துப் பேர் என்ற வழி எடுபடுமா?

பஃபலோ 2024-இல் அதைத்தான் செய்தது. டிக்ஸும் இல்லை, இன்னொரு ரிசீவர் கேப் டேவிஸும் இல்லை. அதிகம் பிடித்த கலீல் ஷகீர் எடுத்தது 821 யார்டு. ஆயிரம் யார்டு தொட்டவர் ஒருவருமில்லை. ஆனாலும் அணி 525 புள்ளி எடுத்து லீகில் இரண்டாவதாக வந்தது, 13-4, குவார்டர்பேக் ஜாஷ் ஆலன் எம்.வி.பி. ‘எல்லாரும் சாப்பிடுவோம்’ என்பதுதான் அந்த ஆண்டு அவர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தது. எதிரணிக்கு யாரை இரட்டைக் காவல் போட்டு அடக்குவது என்று தெரியாது, அதுதான் இதில் லாபம்.

ஆனால் ஒன்று. அதே 2024 டிராஃப்டில் பஃபலோ தன் 28-ஆம் தேர்வை சீஃப்ஸுக்குக் கொடுத்துக் கீழே இறங்கி, 33-இல் கியான் கோல்மனை எடுத்தது. சீஃப்ஸ் அந்த 28-இல் எடுத்தது சேவியர் வொர்தியை. 2025 ஜனவரியில், சூப்பர் பவுலுக்கு முந்தைய கட்டமான ஏ.எஃப்.சி. இறுதிப் போட்டியில் இரு அணிகளும் மோதின. வொர்தி 6 பிடித்து 85 யார்டு, ஒரு டச் டவுன். சீஃப்ஸ் 32-29 என்று ஜெயித்தது. இந்த ஒரு பேரத்தை நினைத்தால் பஃபலோ ரசிகர்களுக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரியத்தான் செய்யும்.

புது ரிசீவருக்குப் பழக ஏன் இவ்வளவு நாள்?

கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் அணி மாறினாலும், எதிரில் வருகிற பந்தை அவரே பார்த்து அவரே அடிப்பார். இங்கே ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். அவர் பத்தாவது யார்டில் திரும்புவாரா பன்னிரண்டிலா என்பதை எறிபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இதோடு, தடுப்பாட்டம் நிற்கும் விதத்தைப் பார்த்து ஓட்டத்தை நடுவில் மாற்றும் உரிமை ரிசீவருக்குப் பல திட்டங்களில் உண்டு. இருவரும் ஒரே நொடியில் ஒரே முடிவை எடுக்காவிட்டால் பந்து எதிரணி கைக்குப் போகும். ராட்ஜர்ஸும் ஆடம்ஸும் கண்ணசைவில் முடித்துக்கொண்டதை ஒரு கோடைப் பயிற்சியில் யாருக்கும் கற்றுத்தர முடியாது.

சீஃப்ஸின் வழியில் குறையே இல்லையா?

இருந்தது, ஒரு வருடம் தள்ளி வந்தது. 2023-இல் ஜூஜூ போய்விட்டார், டோனியும் மூரும் பெரிய ஆளாவார்கள் என்று நம்பினார்கள். முதல் ஆட்டமே டெட்ராய்டோடு. கெல்சி முழங்கால் காயத்தால் ஆடவில்லை. டோனியின் கைக்கு வந்த பந்து நழுவி எதிரணியின் பிரையன் பிராஞ்ச் கைக்குப் போய், அவர் 50 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். ஒரு புள்ளியில் தோல்வி, 21-20. டிசம்பரில் பஃபலோவோடு ஆட்டம். கெல்சி பிடித்த பந்தைக் குறுக்கே டோனியிடம் வீச, அவர் கோட்டுக்குள் ஓடிவிட்டார். மைதானமே கூத்தாடியது. ஆனால் அந்த நகர்வு தொடங்கும்போதே டோனி பந்து இருந்த கோட்டுக்கு முன்னால் நின்றிருந்தார், ஆஃப்சைட். டச் டவுன் செல்லாது. 20-17 தோல்வி.

அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 22 புள்ளிகூடத் தேறவில்லை. ஆனாலும் கோப்பை வந்தது. இரண்டாம் சுற்றில் எடுத்த ரஷீ ரைஸ் 79 பிடித்து 938 யார்டு எடுத்தார், தடுப்பாட்டம் லீகிலேயே இரண்டாவது குறைந்த புள்ளிகளை விட்டது. ரிசீவர் இடத்தில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்பதற்கு அதுதான் ரசீது.

சீசன் நடுவில் காயம் பட்டால்?

அப்போது வழிகள் குறைவு. பயிற்சி அணியிலிருந்து ஒருவரை மேலே ஏற்றலாம், வேலை இல்லாமல் இருப்பவரைக் கூப்பிடலாம், பரிமாற்றக் கெடுவுக்குள் ஒருவரை வாங்கலாம். அந்தக் கெடு நவம்பர் தொடக்கத்தில் வரும்.

2024 செப்டம்பரில் சீஃப்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸோடு ஆடிய ஆட்டத்தில் மஹோம்ஸின் பாஸை எதிரணி பறித்தது. பறித்தவரை நிறுத்த மஹோம்ஸே பாய்ந்தார், ரைஸின் முழங்காலில் மோதினார். ரைஸுக்கு அத்தோடு சீசன் முடிந்தது. அந்த வருடத்துக்கென்று வாங்கிய இன்னொரு ரிசீவர் மார்குயிஸ் பிரவுன் தோள்பட்டைக் காயத்தால் ஏற்கெனவே வெளியே. அடுத்த வாரமே, திரும்பி வந்திருந்த ஜூஜூ 130 யார்டு எடுத்துக் கொடுத்தார். அக்டோபரில் டைட்டன்ஸிடமிருந்து டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை வாங்கினார்கள். 15-2 என்று சீசனை முடித்தார்கள். சூப்பர் பவுலில் மட்டும் ஈகிள்ஸிடம் 40-22 என்று அடி வாங்கினார்கள்.

விட்டுப் போன ரிசீவர்கள் நன்றாக இருந்தார்களா?

யார்டு கணக்கில் பிரமாதம். 2022-இல் ஹில் 1,710, ஆடம்ஸ் 1,516, பிரவுன் 1,496. மூவருக்கும் வயிறு நிறைந்த ஒப்பந்தம். ஆனால் ரைடர்ஸ் 6-11 என்று முடித்தது, ஆடம்ஸ் யாருக்காகப் போனாரோ அந்த காரையே சீசன் முடியும் முன் உட்கார வைத்து, பிறகு விட்டுவிட்டது. மூவரில் புது அணியோடு கோப்பையைத் தொட்டவர் பிரவுன். மேலே சொன்ன அந்த 40-22 ஆட்டத்தில்.

போனவரே திரும்பி வந்ததுண்டா?

உண்டு. ஜூஜூ நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்குப் போய், அங்கே விடப்பட்டு, சீஃப்ஸுக்கே வந்தார். சீஃப்ஸின் இன்னொரு ரிசீவர் மெகோல் ஹார்ட்மன் 2023 மார்ச்சில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார், அங்கே அவரைக் கண்டுகொள்ளவில்லை, அக்டோபரில் சீஃப்ஸ் திரும்ப வாங்கியது. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கூடுதல் நேரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக வெற்றி டச் டவுனைப் பிடித்தது அவர்தான்.

ஆடம்ஸும் ராட்ஜர்ஸும்கூட மறுபடி சேர்ந்தார்கள், வேறு ஊரில். 2024 அக்டோபரில் ஜெட்ஸ் ஆடம்ஸை ரைடர்ஸிடமிருந்து வாங்கியது. ராட்ஜர்ஸுக்கு அப்போது வயது 40, ஆடம்ஸுக்கு 31. கண்ணசைவு அப்படியே இருந்தது, பந்துகளும் போய்ச் சேர்ந்தன. ஜெட்ஸ் 5-12 என்று முடித்தது.